டி1, டி2, டி3: இவை பெயர்கள் அல்ல

எஸ்கியூஎல் படிக்கத் தொடங்கிய இரண்டாவது வாரமே உங்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லித் தருவார்கள். இரண்டு அட்டவணைகளை ஜொயின் பண்ணும்போது ஒன்றுக்கு ‘ஏ’ என்றும் மற்றதுக்கு ‘பி’ என்றும் பெயர் வைக்கச் சொல்வார்கள். மூன்றாவது வந்தால் ‘சி’. வேறு சிலர் டி1, டி2, டி3 என்று போவார்கள். பாடப்புத்தகத்தில் அது வடிவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே குவெரி ஐந்து வரியில் முடிந்துவிடும். வேலைக்குப் போன பிறகு அதே பழக்கத்தோடு எண்பது வரி எழுதுவீர்கள். ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கிற ஆள், அது நீங்களாகவே இருந்தாலும், ‘சி’ யார் என்று மேலும் கீழுமாகத் தேடிக்கொண்டிருப்பார்.

இந்தப் பதிவு அந்தப் பழக்கத்துக்கு எதிரானது. “அது ஸ்டைல், அவரவர் விருப்பம்” என்கிற சமாதானத்துக்கும் எதிரானது. சட்டைக்கு என்ன நிறம் என்பது விருப்பம். தப்பான வரிசைகள் அழியுமா அழியாதா என்பது விருப்பம் இல்லை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டவணைக்கு வைக்கிற மாற்றுப்பெயர், அதாவது ஏலியஸ், விரலுக்கு ஓய்வு கொடுக்கிற சுருக்கம் இல்லை. அந்த அட்டவணை இந்தக் குவெரியில் என்ன வேடம் போட்டிருக்கிறது என்று சொல்கிற பெயர் அது. சொல்ல ஏதாவது இருந்தால் வையுங்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அட்டவணையின் சொந்தப் பெயரையே விட்டுவிடுங்கள்.

(ஒரு குறிப்பு: கீழே வரும் குவெரிகளில் கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள். அட்டவணைப் பெயர்கள் தமிழில் இருப்பது விளையாட்டுக்கு இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் கதைப்போம்.)

ஒரு பாடசாலை, மூன்று அட்டவணைகள்

நம்மில் பலருக்குத் தெரிந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலையில் அம்மா நித்திரையால் எழுப்பி அனுப்பிவைக்கும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலை. அதற்கு ஒரு தரவுத்தளம். ‘ஆட்கள்’ என்ற அட்டவணையில் பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ‘வகுப்புகள்’ என்ற அட்டவணையில் வகுப்பும் நேரமும். ‘பதிவுகள்’ என்ற அட்டவணையில் எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் என்ற விபரம்.

பழக்கப்பட்ட கை இப்படி எழுதும்:

செலக்ட் ஏ.பெயர், பி.நேரம்
ஃப்ரொம் ஆட்கள் ஏ
ஜொயின் பதிவுகள் சி ஒன் சி.மாணவர்_எண் = ஏ.எண்
ஜொயின் வகுப்புகள் பி ஒன் பி.எண் = சி.வகுப்பு_எண்

இதையே இப்படியும் எழுதலாம்:

செலக்ட் மாணவர்.பெயர், வகுப்புகள்.நேரம்
ஃப்ரொம் ஆட்கள் அஸ் மாணவர்
ஜொயின் பதிவுகள் ஒன் பதிவுகள்.மாணவர்_எண் = மாணவர்.எண்
ஜொயின் வகுப்புகள் ஒன் வகுப்புகள்.எண் = பதிவுகள்.வகுப்பு_எண்

இரண்டாவதில் ஒரேயொரு மாற்றுப்பெயர்தான் இருக்கிறது. அது ஒரு செய்தி சொல்கிறது: ஆட்கள் அட்டவணையில் எல்லோரும் இருந்தாலும் இங்கே நமக்கு வேண்டியது மாணவர். ‘பதிவுகள்’, ‘வகுப்புகள்’ இரண்டுக்கும் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. அதனால் அவை சொந்தப் பெயரிலேயே நிற்கின்றன. முதலாவதில் மூன்று மாற்றுப்பெயர்கள் இருந்தும் செய்தி ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு விதியையும் மனதில் வையுங்கள். ஃப்ரொம் பகுதியில் மாற்றுப்பெயர் வைத்துவிட்டால், அந்தக் குவெரிக்குள் பழைய பெயர் செல்லாது. மேலே ‘ஆட்கள்.பெயர்’ என்று எழுதிப் பாருங்கள், போஸ்ட்கிரெஸ் உடனே பிழை காட்டும். மாற்றுப்பெயர் மேலே ஒட்டிய லேபல் இல்லை. அது சொந்தப் பெயரின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. பிடிக்கிற பெயர் பழையதைவிட நல்ல பெயராக இருக்க வேண்டாமா?

இது வந்த வழி

“ஏலியஸ் சுருக்குவதற்காகத்தானே கண்டுபிடித்தார்கள்” என்பார்கள். இல்லை.

எட்கர் கோட் 1970இல் ஐபிஎம்மில் இருந்தபடி ரிலேஷனல் மாதிரியைப் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டார். அதன் மேல் 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் சீக்வல் என்ற மொழியை அறிமுகப்படுத்தினார்கள். அதுதான் பிறகு எஸ்கியூஎல் ஆகி, 1986இல் அமெரிக்கத் தரநிலையும் ஆனது. அதே 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இங்க்ரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் வளர்ந்தது. அதன் மொழிக்குக் குவெல் என்று பெயர். குவெலில் கேள்வி கேட்பதற்கு முன்னால் “இந்தப் பெயர் இந்த அட்டவணையின் வரிசைகள் மேல் நடக்கும்” என்று அறிவிக்க வேண்டும். அந்தப் பெயர் ஒரு மாறி. அட்டவணையின் மேல் வரிசை வரிசையாக நகர்கிற ஒரு விரல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்கியூஎல் தரநிலையில் நாம் ஏலியஸ் என்று சொல்வதற்கான முறையான பெயர் ‘கொரலேஷன் நேம்’. அதுவும் அந்த விரலைத்தான் குறிக்கிறது. ஒரே அட்டவணையின் மேல் இரண்டு விரல்களை வைக்க வேண்டி வந்தால் எந்த விரல் எது என்று சொல்ல வேண்டுமே? அந்தத் தேவையை வேறு எதுவும் தீர்க்காது. சுருக்கமாக எழுத முடிவது பக்கத்தில் கிடைத்த வசதி. அதை முதன்மையாக்கியது நம் சோம்பல்.

பெரியப்பாவை எப்படித் தேடுவது?

இரண்டு விரல்கள் என்றேன். இப்போது மூன்று விரல்கள் வைக்கும் ஒரு கேள்வியைப் பார்ப்போம், நம் வீட்டுக் கேள்வி.

‘ஆட்கள்’ அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், பால், பிறந்த நாள், தாயின் எண், தந்தையின் எண் இருக்கின்றன என்று வையுங்கள். உங்கள் பெரியப்பாமார் யார் யார்? ஆங்கிலத்தில் யோசித்தால் ‘அங்கிள்’ என்று முடிந்துவிடும். தமிழில் முடியாது. அப்பாவுக்கு மூத்தவர் பெரியப்பா, இளையவர் சித்தப்பா, அம்மாவின் சகோதரர் மாமா. ஆகவே குவெரியும் தெளிவாக இருக்க வேண்டும்:

செலக்ட் பிள்ளை.பெயர், பெரியப்பா.பெயர்
ஃப்ரொம் ஆட்கள் அஸ் பிள்ளை
ஜொயின் ஆட்கள் அஸ் தந்தை ஒன் தந்தை.எண் = பிள்ளை.தந்தை_எண்
ஜொயின் ஆட்கள் அஸ் பெரியப்பா ஒன் பெரியப்பா.தந்தை_எண் = தந்தை.தந்தை_எண்
வெயர் பெரியப்பா.பால் = 'ஆண்'
அண்ட் பெரியப்பா.பிறந்த_நாள் < தந்தை.பிறந்த_நாள்

வாய்விட்டுப் படியுங்கள். “பெரியப்பாவின் தந்தையும் தந்தையின் தந்தையும் ஒருவர். பெரியப்பா ஆண். பெரியப்பா பிறந்த நாள் தந்தை பிறந்த நாளுக்கு முந்தியது.” அம்மம்மாவுக்குப் படித்துக் காட்டினாலும் சரி பிழை சொல்லிவிடுவார். “தாயின் அக்காவைக் கட்டினவரும் பெரியப்பாதானே, அவரை எங்கே விட்டாய்?” என்றும் கேட்பார். சரியான கேள்வி. அவருக்கு இன்னொரு குவெரி வேண்டும்.

இப்போது அதையே டி1, டி2, டி3 என்று வைத்து எழுதுங்கள். கடைசி வரி இப்படி வரும்:

அண்ட் டி3.பிறந்த_நாள் < டி2.பிறந்த_நாள்

இது பெரியப்பாவா, சித்தப்பாவா? குறி தவறித் திரும்பியிருந்தால் கண்டுபிடிப்பீர்களா? டி2வும் டி3உம் இடம் மாறியிருந்தால்? தரவுத்தளம் ஒன்றும் சொல்லாது. எல்லாம் செல்லுபடியான எஸ்கியூஎல். பிழைச் செய்தி வராது, பட்டியல் வரும், அந்தப் பட்டியலில் பெரியப்பா இருக்க வேண்டிய இடத்தில் சித்தப்பா இருப்பார். பெயர் சரியாக இருந்திருந்தால் “பெரியப்பா பிறந்தது தந்தைக்குப் பிறகு” என்று ஒரு வரி கண்ணில் குத்தியிருக்கும். நல்ல பெயர் இலவசமாகக் கிடைக்கும் பரிசோதனை.

நம்முடைய மொழி இந்த விஷயத்தில் நமக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருக்கிறது. ஒரே பெண் எனக்கு அம்மா, என் ஒன்றுவிட்ட தம்பிக்குப் பெரியம்மா, மாமாவுக்கு அக்கா, மாமியாருக்கு மருமகள். ஆள் ஒருத்தி, உறவுப்பெயர் நான்கு. எந்தப் பெயரும் அவருடைய சொந்தப் பெயரின் சுருக்கம் இல்லை. யாருடைய பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்வதற்கான பெயர்கள். மாற்றுப்பெயர் செய்ய வேண்டிய வேலை அச்சொட்டாக இதுதான். வீட்டில் நாள் முழுக்க இதைச் செய்கிற பிள்ளைகள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் எல்லோரையும் டி1, டி2 என்று கூப்பிடுவது எனக்கு விளங்கவில்லை.

ஒற்றை எழுத்தின் வரலாறு நமக்குத் தெரியும்

“ஆனால் முதலெழுத்து வைத்தால் விளங்கும்தானே? வகுப்புகளுக்கு ‘வ’, பதிவுகளுக்கு ‘ப’.” இந்தப் பதிலை அடிக்கடி கேட்கிறேன்.

முதலெழுத்து பற்றி நமக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. நம் தாத்தாமாரின் பெயருக்கு முன்னால் ஒரு ஒற்றை எழுத்து நின்றது. அது அவர்களின் தந்தையின் பெயரைக் குறித்தது. ஊருக்குள் அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் ஊரில் எல்லோருக்கும் அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கிற ஆளைத் தெரியும். பிறகு வெளிநாட்டுப் படிவம் வந்தது. ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரண்டு பெட்டிகள். எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். சிலருக்குத் தந்தையின் பெயர் குடும்பப்பெயர் ஆனது, சிலருக்குத் தன் சொந்தப் பெயரே குடும்பப்பெயர் ஆனது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, அப்பாவுக்கு இன்னொன்று. பள்ளிக்கூட அலுவலகத்தில் “நீங்கள் இந்தப் பிள்ளையின் தந்தைதானா?” என்று கேட்கும்போது பெற்றோர் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

எழுத்தில் குற்றம் இல்லை. தெரிந்தவர்களுக்கு நடுவில் மட்டுமே எழுத்து வேலை செய்யும், அவ்வளவுதான். குவெரியும் அப்படித்தான். நீங்கள் எழுதும் நாளில் ‘ப’ என்றால் பதிவுகள் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் யாரோ ‘பணம்’, ‘பரீட்சைகள்’ என்று இரண்டு அட்டவணைகளைச் சேர்ப்பார்கள். ஒரு குவெரியில் ‘ப’ பதிவுகள், இன்னொன்றில் ‘ப’ பணம், மூன்றாவதில் ‘ப2’. நீங்கள் வேறு வேலைக்குப் போயிருப்பீர்கள். குவெரி ஊரைவிட்டு வெளிக்கிட்டுவிடும். எழுத்தை விரிக்க ஆள் இருக்காது.

பிழை காட்டாத பிழை

இதுவரைக்கும் சொன்னது வாசிப்பதில் வரும் கஷ்டம். இனி வருவது ஆபத்து.

பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைகளின் பட்டியல் ‘விலகியோர்’ என்ற அட்டவணையில் இருக்கிறது. அதில் இருக்கும் நெடுவரிசையின் பெயர் ‘ஆள்_எண்’. ஒரு தொண்டர் அவர்களுடைய பதிவுகளை அழிக்க நினைக்கிறார்:

டிலீட் ஃப்ரொம் பதிவுகள்
வெயர் மாணவர்_எண் இன் (செலக்ட் மாணவர்_எண் ஃப்ரொம் விலகியோர்)

நன்றாகப் பாருங்கள். விலகியோர் அட்டவணையில் ‘மாணவர்_எண்’ என்று ஒன்று இல்லவே இல்லை. ‘ஆள்_எண்’தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் குவெரியைத் தனியாக ஓட்டினால் பிழை வரும். ஆனால் முழுவதையும் சேர்த்து ஓட்டினால் பிழை வராது. ஏன்?

முன்னொட்டு இல்லாத ஒரு பெயரை உட்குவெரியில் கண்டால் தரவுத்தளம் முதலில் உள்ளே தேடும். அங்கே கிடைக்காவிட்டால் வெளியே தேடும். வெளியே ‘பதிவுகள்’ அட்டவணையில் மாணவர்_எண் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளும். ஆக, ஒவ்வொரு பதிவுக்கும் கேட்கப்படும் கேள்வி “இந்த மாணவரின் எண் இந்த மாணவரின் எண்ணுக்குச் சமமா?” என்பதுதான். சமம்தான். விலகியோர் அட்டவணையில் ஒரேயொரு வரிசை இருந்தாலே போதும், மாணவர் எண் உள்ள எல்லாப் பதிவுகளும் அழியும். விலகிய மூன்று பிள்ளைகளோடு, விலகாத முழுப் பாடசாலையும்.

இது ஏதோ ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் உள்ள ஓட்டை இல்லை. தரநிலை அப்படித்தான் சொல்கிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஒராக்கிள், எஸ்கியூஎல் சேர்வர் எல்லாம் இப்படித்தான் நடக்கும்.

இப்போது முன்னொட்டுகளை மட்டும் சேருங்கள்:

டிலீட் ஃப்ரொம் பதிவுகள்
வெயர் பதிவுகள்.மாணவர்_எண் இன் (செலக்ட் விலகியோர்.மாணவர்_எண் ஃப்ரொம் விலகியோர்)

உடனே பிழை: விலகியோரில் அப்படி ஒரு நெடுவரிசை இல்லை. ஒரு வரிசைகூட அழியாது. தொண்டர் தலையைச் சொறிந்துவிட்டு ‘ஆள்_எண்’ என்று திருத்துவார். பாடசாலை தப்பியது.

கவனியுங்கள், இங்கே காப்பாற்றியது மாற்றுப்பெயர்கூட இல்லை. முன்னொட்டு. எந்த நெடுவரிசை எந்த அட்டவணையுடையது என்று எழுதிய அந்த ஒரு சொல். “ஏலியஸ் வேண்டுமா வேண்டாமா” என்று சண்டை பிடிப்பவர்கள் பலர் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். முன்னொட்டுத்தான் கட்டாயம். அது நீளமாகவோ தெளிவில்லாமலோ இருக்கும்போதுதான் மாற்றுப்பெயரின் தேவை வருகிறது.

இன்னொரு வகை ஆபத்தும் இருக்கிறது. இன்றைக்குச் சரியாக ஓடும் குவெரி நாளைக்கு மாறும். ஆட்களையும் வகுப்புகளையும் சேர்க்கும் ஒரு குவெரியில் ‘தொலைபேசி’ என்று முன்னொட்டு இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு அது ஆட்களில் மட்டும் இருக்கிறது. அடுத்த மாதம் யாரோ வகுப்புகள் அட்டவணையிலும் ‘தொலைபேசி’ சேர்க்கிறார். உங்கள் குவெரி “எந்தத் தொலைபேசி?” என்று நின்றுவிடும். இது நல்ல வகைப் பிழை, சத்தம் போடுகிறது. உட்குவெரிக்குள் வெளி அட்டவணையின் நெடுவரிசையை முன்னொட்டு இல்லாமல் பயன்படுத்தியிருந்தால் கதை வேறு. உள் அட்டவணையில் அதே பெயரில் புதிதாக ஒன்று சேர்ந்த அன்றைக்குக் குவெரியின் அர்த்தமே மாறும். சத்தம் வராது.

மறுபக்கத்துக்குப் பதில்

“நீளமாகத் தட்ட நேரம் போகும்.” இன்றைக்கு எடிட்டர் இரண்டு எழுத்திலேயே மீதியை நிரப்பித் தருகிறது. அதோடு, குவெரி எழுதப்படுவது ஒரு தடவை. வாசிக்கப்படுவது பல தடவை. ஒருவர் மிச்சம் பிடிக்கும் நான்கு நொடியை ஐந்து பேர் பத்து நிமிடமாகச் செலவழிக்கிறார்கள்.

“எங்கள் குழுவில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.” இது கொஞ்சம் நியாயமான வாதம். புதிதாகச் சேர்ந்த வாரத்திலேயே எல்லாக் குவெரியையும் திருத்தப் போக வேண்டாம். குழுவுக்கு ஒரு சுருக்கப் பட்டியல் எழுதப்பட்டு, எல்லா இடத்திலும் ஒரே சுருக்கம் ஒரே அட்டவணையைக் குறித்தால், அதோடு வாழலாம். பெரும்பாலான இடங்களில் அப்படிப் பட்டியல் எதுவும் இல்லை. பழக்கம்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கேளுங்கள். கேள்வியே பாதி வேலையைச் செய்யும்.

“அப்படியென்றால் ஏலியஸையே தடை செய்துவிடலாமே.” இந்தக் கூட்டமும் இருக்கிறது. டிபிடி என்ற கருவியை உருவாக்கியவர்களின் வழிகாட்டி, ஜொயினில் முதலெழுத்து ஏலியஸ்களைத் தவிர்க்கச் சொல்கிறது. எஸ்கியூஎல்ஃப்ளஃப் என்ற பரிசோதனைக் கருவியில் அட்டவணை ஏலியஸ்களையே தவிர்க்கச் சொல்லும் ஒரு விதி இருக்கிறது. ஆனால் அந்த விதி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, வேண்டியவர்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். முதலெழுத்து வேண்டாம் என்பதில் நான் அவர்கள் பக்கம். ஆனால் முழுத் தடை ஓடாது. பெரியப்பாவைத் தேடும் குவெரியில் ‘ஆட்கள்’ மூன்று தடவை வருகிறது. மாற்றுப்பெயர் இல்லாமல் அதை எழுதவே முடியாது. நோய்க்கு மருந்து நல்ல பெயர், பெயரே இல்லாமல் விடுவது இல்லை.

ஆக, எப்போது?

ஒன்று. ஒரே அட்டவணை, உட்குவெரி இல்லை: மாற்றுப்பெயர் தேவையில்லை. ‘ஃப்ரொம் வகுப்புகள் வ’ என்று எழுதுவது தனியாக இருக்கும் வீட்டில் பெயர்ப்பட்டி குத்திக்கொண்டு திரிவது போல.

இரண்டு. இரண்டு அல்லது அதற்கு மேல் அட்டவணைகள்: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் முன்னொட்டு. அட்டவணைப் பெயர் சிறியதாக, தெளிவாக இருந்தால் அதுவே முன்னொட்டு.

மூன்று. அதே அட்டவணை இரண்டாவது தடவை வந்தால்: எல்லாத் தடவைக்கும் வேடப்பெயர். ஒன்றை ‘ஆட்கள்’ என்று விட்டுவிட்டு மற்றதை மட்டும் ‘தந்தை’ என்று வைக்காதீர்கள். முதலாவது ஆளும் ஒரு வேடத்தில்தான் வந்திருக்கிறார், ‘பிள்ளை’ என்று சொல்லுங்கள்.

நான்கு. வெயர் பகுதியில் உட்குவெரி வந்தால்: உள்ளேயும் வெளியேயும் முன்னொட்டு, விதிவிலக்கே இல்லாமல். டிலீட், அப்டேட் என்றால் இரண்டு தடவை பாருங்கள்.

ஐந்து. ஃப்ரொம் பகுதியில் உட்குவெரி வந்தால்: அது என்ன தருகிறதோ அதைப் பெயராக வையுங்கள். ‘சப்’, ‘எக்ஸ்’ வேண்டாம், ‘வகுப்புக்கு_ஒரு_தொகை’ என்று வையுங்கள். மைஎஸ்கியூஎல் இங்கே பெயர் இல்லாமல் விடாது. போஸ்ட்கிரெஸ் 2023இல் வந்த 16ஆம் பதிப்பிலிருந்து விடுகிறது. விட்டாலும் வையுங்கள்.

ஆறு. அட்டவணைப் பெயர் உண்மையிலேயே நீளமானால் சுருக்குங்கள், ஆனால் ஒரு சொல்லாகச் சுருக்குங்கள். ‘தவணைக்_கட்டண_நிலுவைகள்’ என்பதை ‘நிலுவை’ ஆக்கலாம். ‘த’ ஆக்கக் கூடாது.

ஏழு. ‘அஸ்’ என்ற சொல்லை எழுதுங்கள். அதை விடலாம் என்பதால்தான் ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் பிழை வராமல் போகிறது. ‘செலக்ட் பெயர் தொலைபேசி’ என்று எழுதினால் தொலைபேசி என்ற தலைப்பின் கீழ் ஆட்களின் பெயர்கள் வரும். எப்போதும் ‘அஸ்’ எழுதுகிற கண்ணுக்கு அந்த வெற்றிடம் உடனே தெரியும். ஒராக்கிளில் மட்டும் அட்டவணையின் மாற்றுப்பெயருக்கு முன்னால் ‘அஸ்’ போட முடியாது, நெடுவரிசையின் மாற்றுப்பெயருக்குப் போடலாம்.

தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். போஸ்ட்கிரெஸ் தமிழ் எழுத்துப் பெயர்களை மேற்கோள்குறிகூட இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஒரேயொரு கணக்கு: அங்கே ஒரு பெயர் 63 பைட்டுக்கு மேல் போனால் வெட்டப்படும். யுடிஎஃப்-8 முறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழுக்கு 3. அதுவும் ‘பி’ என்பது ‘ப’வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள், ஆகவே 6. மொத்தம் 21 குறிகளுக்குத்தான் இடம். ‘பெரியப்பா’ என்பதற்கு 9 குறிகள், 27 பைட். தாராளமாகப் போகும்.

அலுவலகத்தில் இதைச் செய்யச் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் இருப்பவருக்கு வாசிக்க முடியாத பெயர் டி1ஐவிட நல்ல பெயர் இல்லை. என் வாதமே வாசிப்பவருக்காகத்தான். ஆனால் உங்கள் சொந்த வேலையில், குடும்ப மரத்தில், தமிழ்ப் பாடசாலைப் பட்டியலில் செய்து பாருங்கள். ‘மச்சாள்’ என்று ஒரு மாற்றுப்பெயர் வைத்துவிட்டு அவரைக் கண்டுபிடிக்கும் ஜொயினை எழுதப் பாருங்கள். மாமாவின் மகளா, அத்தையின் மகளா, அண்ணனின் மனைவியா? எழுதி முடிக்கும்போது ஜொயினும் விளங்கியிருக்கும், நம் உறவுமுறையும் விளங்கியிருக்கும்.

போன வாரம் நீங்கள் எழுதிய மிக நீளமான குவெரியை இன்றைக்கே திறவுங்கள். ஃப்ரொம் பகுதியை மறைத்துவிட்டு மற்ற வரிகளை வாய்விட்டுப் படியுங்கள். யார் யாரோடு சேர்கிறார்கள் என்று விளங்கினால் விட்டுவிடுங்கள். விளங்காவிட்டால் பெயரை மாற்றுங்கள். தரவுத்தளத்துக்கு இதனால் ஒரு வித்தியாசமும் இல்லை, அதற்கு டி1உம் பெரியப்பாவும் ஒன்றுதான். வித்தியாசம் அடுத்ததாகத் திறக்கப்போகிற ஆளுக்கு.